தொன்னுக்கு ஒரு பென்னி: வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரின் உதைபந்தாட்ட வரலாறு

இரத்தினபுரியிலிருந்து நிவித்திகலவைக் கடந்து கலவான நோக்கிச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் தேயிலையும் இறப்பருமே நிறைந்துள்ளன. மழை மிகுந்த மலைச்சரிவுகள். அவற்றிடையே வரிசை வரிசையாக லயங்கள். மாலை நேரத்தில் லயத்து இளைஞர் ஒன்று கூடுமிடத்தில் பந்தைத் தேட வேண்டியதில்லை. மைதானத்தைத்தான் தேட வேண்டும். பாதையோரத்து வெளியிலும், கோயில் முன்றிலிலும், கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் அருகிலுள்ள சிறு சமதரையிலும் ஆட்டம் நடக்கும். பந்து சரிவில் உருண்டு ஓடைக்குள் வீழ்ந்தால் அதை எடுத்து வரும்வரை ஆட்டம் நிற்கும்.

ஆட்டம் என்பது வேறு. ஆட்டத்தை ஆண்டுதோறும் நிலைபெறச் செய்யும் அமைப்பு என்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தை ஒரு மலைநாட்டுத் தொழிலாளர் எவ்வாறு கடந்தனர் என்பதைப் பிரித்தானியத் தீவின் மேற்குக் கரையிலுள்ள வேல்ஸ் நாட்டின் வரலாறு காட்டுகிறது. அங்கு நிலக்கரி தோண்டியவர்கள் கட்டியெழுப்பிய உதைபந்தாட்டச் சங்கங்கள் ஊதியம் பெறாத ஆட்டக்காரர்களின் சங்கங்கள். அவற்றின் கதையைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழர் கேட்கும்பொழுது, அது முற்றிலும் அயலாரின் கதையாகத் தோன்றுவதில்லை.

முதலில், லீக் எனப்படும் சுற்றுப்போட்டி அமைப்பு யாது என்பதை விளங்கிக்கொள்ளல் நன்று. கிண்ணப் போட்டியில் தோற்ற அணி அன்றே வெளியேறிவிடும். வென்றவர் மீண்டும் வென்றவரோடு மோதி, இறுதியில் ஒருவர் எஞ்சுவர். லீக் அமைப்பில் அவ்வாறன்று. ஒவ்வோர் அணியும் ஏனைய ஒவ்வோர் அணியுடனும் இரண்டு முறை ஆடும்: ஒருமுறை தன் ஊரில், ஒருமுறை எதிரியின் ஊரில். 12 அணிகள் இருப்பின் ஒவ்வோர் அணிக்கும் 22 ஆட்டங்கள். மொத்தம் 132 ஆட்டங்கள். வெற்றி தோல்விக்கு ஏற்பப் புள்ளிகள் வழங்கப்பட்டு, பருவத்தின் முடிவில் கூடிய புள்ளி பெற்ற அணி முதலிடம் பெறும். வில்லியம் மக்கிரெகர் என்பவரின் முயற்சியால் 1888ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 12 கழகங்களைக் கொண்டு தொடங்கிய லீக்கே இம்முறைக்கு முன்மாதிரியாயிற்று.

கணக்கில் எளிதாகத் தோன்றும் இம்முறை நடைமுறையில் பல தேவைகளை உடையது. ஒவ்வோர் ஊருக்கும் தனக்கென ஒரு மைதானம் வேண்டும். ஒரே கிழமையில் ஒரே நேரத்தில் எல்லாருக்கும் ஓய்வு வேண்டும். அயலூருக்குச் செல்ல வழியும் கட்டணமும் வேண்டும். ஆட்டக்காரரின் பெயரைப் பதியவும், அட்டவணை வகுக்கவும், முறைப்பாட்டைத் தீர்க்கவும் ஒரு செயலாளர் வேண்டும். விசிலூத ஒரு மத்தியஸ்தர் வேண்டும். திறமை ஒன்றை மட்டும் கொண்டு ஓரணி ஒருநாள் வெல்லலாம். ஆனால் நிலமும் நேரமும் நிதியும் தன்னாட்சியும் இல்லாத மக்களால் லீக் ஒன்றை நடத்த இயலாது. ஆகவே தொழிலாளரின் லீக் ஒன்றின் வரலாறு அவர்கள் இந்நான்கையும் எவ்வாறு பெற்றனர் என்பதன் வரலாறுமாகும்.

வேல்ஸ் நாட்டின் வடகிழக்கில் ரெக்சம் நகரைச் சூழ்ந்த பகுதியும், தெற்கே ரொண்டா, ரிம்னி, அபர்டேர், மேர்த்தர் முதலிய பள்ளத்தாக்குகளும் நிலக்கரி வளம் மிக்கவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பள்ளத்தாக்குகளை நாடி ஆயிரக்கணக்கான மக்கள் வந்து குடியேறினர். மலைச்சரிவுகளில் நீண்ட வரிசைகளாக வீடுகள் எழுந்தன. பலவிடங்களில் சுரங்கக் கம்பனியே வீட்டுக்கும் உரிமையாளன். மழை ஓயாத நாடு. ஆங்கிலேயருக்கு விளங்காத தனிமொழி பேசும் மக்கள். வழிபாட்டிலும் கூட்டுப் பாடலிலும் பேரீடுபாடு கொண்டவர்கள். 1913ஆம் ஆண்டில் தென்வேல்ஸ் சுரங்கங்கள் ஏறத்தாழ 5 கோடியே 70 இலட்சம் தொன் நிலக்கரியைத் தந்தன. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவற்றில் உழைத்தனர். அதே ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள் செங்கனித் என்னும் ஊரிலுள்ள சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர் மாண்டனர். உழைப்பின் பயன் எங்கோ செல்ல, அதன் துன்பம் மட்டும் ஊரிலேயே தங்குவது சுரங்க நாட்டுக்கும் தோட்ட நாட்டுக்கும் பொதுவான அனுபவம்.

இத்தகைய நாட்டில் உதைபந்தாட்டம் முதலில் வேரூன்றியது வடக்கில். 1876ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ரெக்சம் நகரில் வேல்ஸ் உதைபந்தாட்டச் சங்கம் நிறுவப்பட்டது. உலகில் இத்தகைய தேசியச் சங்கங்களுள் வயதில் மூன்றாவது அது. அதற்கு மூலகாரணராக விளங்கியவர் ருவாபன் என்னும் ஊரைச் சேர்ந்த சட்டத்தரணி லூவெலின் கென்ரிக். அடுத்த மாதமே கிளாஸ்கோ நகரில் ஸ்கொட்லாந்துடன் மோதிய வேல்ஸ் அணி 4 கோல்களால் தோற்றது. தோல்வியால் மனந்தளராது, 1877ஆம் ஆண்டில் வேல்ஸ் கிண்ணப் போட்டியை அவர்கள் தொடங்கினர். முதல் இறுதியாட்டத்தில் ரெக்சம் அணி, ருவாபனின் துரூயிட்ஸ் அணியை ஒரு கோலால் வென்றது.

இங்கிலாந்தில் 1885ஆம் ஆண்டில் ஊதியம் பெற்று ஆடுவது சட்டபூர்வமாயிற்று. பணம் படைத்த கழகங்கள் நல்ல ஆட்டக்காரரை விலைக்கு வாங்கத் தொடங்கவே, சிற்றூர்க் கழகங்கள் அவர்களோடு ஈடுகொடுக்க இயலாமல் தவித்தன. இதை உணர்ந்த வேல்ஸ் சங்கம் 1890ஆம் ஆண்டில் ஊதியம் பெறாதவர்க்கென்றே தனிக் கிண்ணப் போட்டி ஒன்றை ஏற்படுத்தியது. சுரங்கத்திலும் செங்கற் சூளையிலும் வாரம் முழுவதும் உழைத்துவிட்டுச் சனிக்கிழமை பிற்பகலில் ஆடுவோருக்கு அது புகலிடமாயிற்று.

சேர்க் என்னும் சுரங்கக் கிராமம் அக்காலத்தில் பெரும்புகழ் ஈட்டியது. 1887 முதல் 1894 வரையுள்ள காலத்தில் அச்சிற்றூர் அணி வேல்ஸ் கிண்ணத்தை 5 முறை வென்றது. அவ்வூர்ப் பாடசாலை ஆசிரியர் ரி. ஈ. தோமஸ் சிறுவர்க்கு எழுத்தோடு ஆட்டத்தையும் கற்பித்தவர். அவரிடம் பயின்ற பலர் பின்னர் வேல்ஸ் நாட்டு அணியில் இடம்பெற்றனர். அவர்களுள் தலைசிறந்தவர் பில்லி மெரடித். 1874ஆம் ஆண்டில் பிறந்த அவர் 12 வயதில் பிளாக் பார்க் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1894இல் மான்செஸ்டர் சிற்றிக் கழகத்தில் சேர்ந்த பின்னரும் சில காலம் சுரங்க வேலையை அவர் கைவிடவில்லை. 1904ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சங்கக் கிண்ண இறுதியாட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் அவரே. 1920இல், 45ஆம் வயதில், வேல்ஸ் அணிக்காகத் தம் 48ஆவது ஆட்டத்தை ஆடி இங்கிலாந்தை வென்ற மகிழ்ச்சியோடு அவர் சர்வதேச ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். ஆட்டக்காரர்க்கெனத் தொழிற்சங்கம் 1907ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டபோது அதன் முன்னணியில் நின்றவரும் இச்சுரங்கத் தொழிலாளியே.

சனிக்கிழமைப் பிற்பகல் என்று மேலே கூறப்பட்டது. அந்தப் பிற்பகல் எவரும் இனாமாக அளித்ததன்று. 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் பெண்களும் இளைஞரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பின் வேலை செய்யலாகாது என விதித்தது. அவர்கள் நின்றவுடன் ஆலையே நின்றது. பின்னர் ஏனைய தொழில்களிலும் அரைநாள் விடுமுறைக்கான கோரிக்கை படிப்படியாக வென்றது. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்குரியது, அன்று ஆடுவதை வேல்ஸ் நாட்டுத் திருச்சபையார் பொறுப்பதில்லை. ஆகவே சனிக்கிழமையின் அந்த அரைநாள் இல்லையேல் அந்நாட்டில் தொழிலாளர் லீக் எதுவும் தோன்றியிராது.

தெற்குப் பள்ளத்தாக்குகளில் தொடக்கத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது றக்பி ஆட்டமே. இங்கிலாந்திலிருந்தும் வடவேல்சிலிருந்தும் வேலை தேடி வந்தோர் உதைபந்தாட்டத்தைத் தம்முடன் கொண்டுவந்தனர். 1904ஆம் ஆண்டில் ரிம்னிப் பள்ளத்தாக்கு லீக் தோன்றியது. பெயரே கூறுவதுபோல் அது ஒரு பள்ளத்தாக்கின் ஊர்களை மட்டும் இணைத்தது. 1909இல் அது கிளமோர்கன் லீக் என விரிந்தது; 1912இல் வேல்ஸ் லீக் எனப் பெயர் பெற்றது. எட்டு ஆண்டுகளில் பள்ளத்தாக்கு மாவட்டமாகி, மாவட்டம் நாடாயிற்று. நிலக்கரியை ஏற்றிச் செல்ல அமைத்த புகையிரதப் பாதைகளே ஆட்டக்காரரையும் ஊரூராகச் சுமந்து சென்றன.

அதே 1912ஆம் ஆண்டில் களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை இரத்தினபுரியை வந்தடைந்தது. இங்கும் பாதை அமைந்தது தேயிலைக்கும் இறப்பருக்குமாகவே. இங்கும் அதனுடன் ஓர் ஆட்டம் வந்தது. ஆனால் அதன் வரலாறு வேறு வழியிற் சென்றது. இலங்கை றக்பிச் சங்கம் 1908ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. தோட்டத் துரைமார் தத்தம் மாவட்டங்களில் கழகங்கள் அமைத்தனர். டிக்கோயாக் கழகத்துக்குத் தரவளையிலும், திம்புலைக் கழகத்துக்கு ராதெல்லயிலும், ஊவாக் கழகத்துக்குப் பதுளையிலும், களனிப் பள்ளத்தாக்குக் கழகத்துக்கு அவிசாவளையை அடுத்த தல்துவவிலும் புற்றரை மைதானங்கள் அமைந்தன. 1926 முதல் கிளிபர்ட் கிண்ணத்துக்கான ஆட்டங்களும் நடைபெறலாயின. துரைமாரும் ஊதியம் பெறாது ஆடியவரே. அவர்களும் மாவட்டம் விட்டு மாவட்டம் சென்று ஆடியவரே. லீக் ஒன்றுக்கு வேண்டிய நான்கும் அவர்களிடம் இருந்தன: நிலம், நேரம், நிதி, தாமே தம்மை ஆளும் உரிமை.

அம்மைதானத்தின் புல்லைச் செதுக்கியவனிடம் அந்நான்கில் ஒன்றும் இருக்கவில்லை. அக்கழகங்களின் கதவு நெடுங்காலம் வெள்ளையர்க்கே திறந்திருந்தது. தோட்டத்தின் கடைசி அடி நிலம்வரை கம்பனிக்குரியது. துண்டு முறையின்படி, கடன் தீர்க்காத தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல இயலாது. அம்முறை ஒழிந்தது 1921இல்தான். விடியற்காலைப் பிரட்டுக்குத் தப்பட்டை முழங்கியது முதல் மாலை நிறுவை வரை அவன் நாள் தோட்டத்தின் நாள். அயல் தோட்டத்துக்கு ஆடச் செல்வது இருக்கட்டும். உறவினரைக் காணச் செல்வதற்கே ஒப்புதல் வேண்டியிருந்த காலம் அது.

வேல்ஸ் தொழிலாளர்க்கும் நிலம் எளிதில் கிடைத்துவிடவில்லை. குறுகிய பள்ளத்தாக்கில் சமதரை என்பது அரிய பொருள். இருந்த சமதரையைச் சுரங்கமும் புகையிரத நிலையமும் கழிவுக் குவியலும் பிடித்துக்கொண்டன. முதலாம் உலகப் போரின் பின் சுரங்கத் தொழிலாளர் பெருங்கிளர்ச்சிக்கு ஆயத்தமாயினர். 1919ஆம் ஆண்டில் அரசு நீதிபதி சாங்கி என்பவரின் தலைமையில் ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. சுரங்கங்களை அரசுடைமையாக்க வேண்டுமென்பது தொழிலாளரின் முதற் கோரிக்கை. அதனை அரசு ஏற்கவில்லை. ஆயினும் அவ்வாணைக்குழுவின் விசாரணையில் வெளிப்பட்ட வாழ்க்கை நிலைமை நாட்டையே நாணச் செய்தது. வெட்டியெடுக்கும் ஒவ்வொரு தொன் நிலக்கரிக்கும் ஒரு பென்னி வீதம் தொழிலாளர் நலனுக்கு ஒதுக்க வேண்டுமென அது பரிந்துரைத்தது. 1920ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிற் சட்டம் அதனை நடைமுறைப்படுத்தியது.

ஒரு பென்னி என்பது ஒரு பவுணில் 240இல் ஒரு பங்கு. மிகச் சிறிய தொகை. ஆனால் பிரித்தானியா முழுவதிலும் வெட்டப்பட்ட நிலக்கரிக்கு அதைக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் பவுண் சேர்ந்தது. சுரங்கத் தொழிலாளர் நலநிதி என்ற இந்நிதியைக் கொண்டு வாசிகசாலைகளும் மண்டபங்களும் குளிப்பறைகளும் விளையாட்டு மைதானங்களும் அமைக்கப்பட்டன. கழிவுக் குவியல்களை வெட்டிச் சமன்படுத்தி மைதானமாக்கிய ஊர்களும் உண்டு. இந்நிதியின் சிறப்பு அதன் அளவில் மட்டுமன்று. அதை ஆண்ட முறையிலும் உள்ளது. மாவட்டக் குழுக்களில் முதலாளிமாரின் பிரதிநிதிகளும் தொழிலாளரின் பிரதிநிதிகளும் ஒருங்கே அமர்ந்தனர். எங்கே மைதானம் அமைக்க வேண்டும் என்பதில் தொழிலாளிக்கும் வாக்கு இருந்தது. ஆகவே அது இனாமாக வந்த மைதானமன்று. முதலாளியின் மனம் மாறினால் மூடப்படும் மைதானமும் அன்று.

இதன் பயன் சோதனைக் காலத்தில் வெளிப்பட்டது. 1926ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரித்தானியாவில் பொதுவேலைநிறுத்தம் எழுந்தது. அது ஒன்பது நாளில் முடிந்த பின்னரும் சுரங்கங்களின் கதவடைப்பு ஆண்டிறுதிவரை நீடித்தது. தொழிலாளர் தோற்றனர். அதைத் தொடர்ந்து உலகப் பொருளாதார மந்தமும் வந்தது. 1927 ஏப்ரலில் கார்டிப் நகரின் கழகம் இலண்டன் ஆர்சனல் அணியை வென்று இங்கிலாந்துச் சங்கக் கிண்ணத்தை வேல்சுக்குக் கொண்டுசென்றது. அவ்வெற்றியைக் கொண்டாடிய அதே ஆண்டில் அபர்டேர் நகரின் தொழின்முறைக் கழகம் இங்கிலாந்து லீக்கில் இடமிழந்தது. 1930இல் மேர்த்தர் நகரின் கழகமும் அவ்வாறே வெளியேறியது. நுழைவுச்சீட்டுக்குப் பணமில்லாத ஊரில் ஊதியம் பெறும் ஆட்டக்காரரைக் கொண்ட கழகம் நிலைக்க இயலவில்லை.

வியப்புக்குரியது யாதெனில், அந்த வறுமையின் நடுவிலேயே, 1931ஆம் ஆண்டில், தென்வேல்ஸ் அமெச்சூர் லீக் தோன்றியதாகும். ஊதியம் எதிர்பாராத ஆட்டக்காரர். தொழிலாளர் மண்டபத்தில் ஓர் அறை. நலநிதியால் அமைந்த மைதானம். உறுப்பினர் வாரந்தோறும் செலுத்தும் சில பென்னிகள். இவற்றைக் கொண்டு சிற்றூர்க் கழகங்கள் தம்முள் இணைந்து ஆடின. வேலையிழந்த இளைஞனுக்குச் சனிக்கிழமை என்ற ஒருநாளாவது பெயர்சொல்லி அழைக்கப்படும் நாளாயிற்று. பணத்தால் நின்றவை பணம் போனதும் வீழ்ந்தன. ஊரால் நின்றவை ஊர் உள்ளவரை நின்றன. அவற்றை நிறுத்தியவை பெருஞ்செயல்களல்ல. செயலாளரின் குறிப்பேடு, நேரந்தவறாத அட்டவணை, வராத அணிக்கு விதிக்கும் தண்டம், தோற்றாலும் அடுத்த வாரம் மீண்டும் ஆடவேண்டும் என்ற கட்டாயம் ஆகிய சிறு ஒழுங்குகளே.

ஓய்வு நேரம் தொழிலாளிக்கு எவ்வளவு அருமையானது என்பதை உணர்த்தும் துயர நிகழ்ச்சி ஒன்று 1934இல் நடந்தது. செப்டெம்பர் 22ஆம் நாள் சனிக்கிழமை. அன்று பிற்பகல் ரெக்சம் அணிக்கும் திரான்மியர் ரோவர்ஸ் அணிக்கும் ஆட்டம் குறிக்கப்பட்டிருந்தது. அதைக் காணும் பொருட்டு, கிரெஸ்போர்ட் சுரங்கத்துத் தொழிலாளர் சிலர் தம் முறையை மாற்றிக்கொண்டும் இரட்டை முறை ஏற்றும் வெள்ளி இரவே சுரங்கத்துள் இறங்கினர். சனிக்கிழமை அதிகாலை 2 மணியளவில் சுரங்கம் வெடித்தது. மீட்கச் சென்றோர் உட்பட 266 பேர் மாண்டனர். 250க்கும் மேற்பட்டோரின் உடல்கள் மேலே கொண்டுவரப்படவேயில்லை. ஓர் ஆட்டத்தைக் காண அரைநாள் ஓய்வு தேடியவர்கள் அதற்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேர்ந்தது.

இவ்வரலாற்றில் மற்றொரு குறையும் உண்டு. அதை மறைத்தல் தகாது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்கள் உதைபந்தாட்ட அணிகள் அமைத்துத் திரளான மக்கள் முன் ஆடினர். 1921இல் இங்கிலாந்துச் சங்கமும், 1922இல் வேல்ஸ் சங்கமும் தம் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடலாகாது எனத் தடைவிதித்தன. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அத்தடை நீடித்தது. தொழிலாளியின் ஓய்வு என்று போராடி வென்றது ஆண் தொழிலாளியின் ஓய்வாகவே முடிந்தது. கொழுந்து பறிப்போருள் மிகப்பெரும்பாலோர் பெண்களாயிருக்கும் தோட்டங்களுக்கு இப்பாடம் மிகவும் பொருந்தும். கூடையை இறக்கி வைத்த பின்னும் அடுப்பும் தண்ணீர்க் குடமும் காத்திருக்கும் பெண்ணுக்கு மாலை வந்தாலும் ஓய்வு வருவதில்லை.

இரண்டாம் உலகப் போரின் பின் 1947 சனவரி முதலாம் நாள் பிரித்தானியச் சுரங்கங்கள் அரசுடைமையாயின. நலநிதியின் பணிகளை 1952இல் நிலக்கரித் தொழிற் சமூகநல நிறுவனம் ஏற்றது. அதன் பின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்படலாயின. 1984-85ஆம் ஆண்டுகளின் நீண்ட வேலைநிறுத்தத்தின் பின் அது வேகம் பெற்றது. தென்வேல்ஸின் கடைசி ஆழ்சுரங்கமான டவர் சுரங்கம் 2008இல் மூடப்பட்டது. சுரங்கம் போயிற்று, மைதானங்கள் நிலைத்தன. நிலக்கரியையே கண்டிராத இளைஞர் தம் பாட்டனார் வெட்டிய நிலக்கரியால் அமைந்த மைதானங்களில் இன்றும் ஆடுகின்றனர். 1992இல் நாடளாவிய வேல்ஸ் லீக் ஒன்று தனியே உருவாயிற்று. தென்வேல்ஸ் அமெச்சூர் லீக் 84 ஆண்டுகள் நடைபெற்றபின், 2015இல் மற்றொரு லீக்குடன் இணைந்து தென்வேல்ஸ் அலயன்ஸ் லீக் ஆயிற்று. 1904இல் ரிம்னியில் முளைத்து 1912இல் நாட்டின் பெயரைப் பெற்ற பழைய லீக்கும் 2020ஆம் ஆண்டின் மறுசீரமைப்பில் புதிய அமைப்புக்கு இடந்தந்து மறைந்தது. பெயர்கள் மாறின, ஆனால் சிற்றூர்க் கழகம் ஒன்று வென்று வென்று படியேறி நாட்டின் முதல் வரிசையை அடையலாம் என்ற வழி திறந்தே உள்ளது.

வேல்சுக்கு வாய்த்தது சப்பிரகமுவவுக்கு ஏன் வாய்க்கவில்லை என்ற வினா இங்கே எழுகின்றது. தோட்டத்து மக்களிடம் ஒன்றுகூடும் ஆற்றல் இல்லை என்பது விடையாகாது. மாசி மாதத்தில் காமன் கூத்தை நாள் வகுத்து, வேடம் பங்கிட்டு, வரி சேர்த்து நடத்தும் மக்கள் அவர்கள். தேர், தீமிதி, பொன்னர் சங்கர் கூத்து ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாக ஒழுங்கு தவறாது நடத்தி வந்தவர்க்கு 12 அணிகளின் அட்டவணையை வகுப்பது பெரிய காரியமன்று. வேல்ஸ் மக்களின் கூட்டுப் பாடலில் விளைந்த ஒழுங்கே அவர்களின் கழகங்களிலும் விளங்கியது போல, கூத்தை நடத்தும் ஒழுங்கு கழகத்தையும் நடத்த வல்லது.

குறை வேறிடத்தில் உள்ளது. வேல்ஸ் தொழிலாளியின் சங்கம் கூலியோடு மைதானத்தையும் கேட்கக்கூடிய காலத்தில், இங்கே சங்கம் அமைப்பதே பெரும் போராட்டமாயிருந்தது. கோ. நடேசையர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1939இல் இலங்கை இந்திய காங்கிரசும், அதையடுத்து அதன் தொழிற்சங்கமும் தோன்றின. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். சங்கங்கள் வேரூன்றி நிமிரும் வேளையில் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1949இல் வாக்குரிமையின் இழப்பும் வந்தன. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் கடல் கடக்க நேர்ந்தது. குடியுரிமைச் சிக்கலுக்கு இறுதித் தீர்வாகச் சட்டம் வந்தது 2003இல். அடுத்த ஆண்டு இவ்வூரில் இருப்போமா என்று அறியாத குடும்பங்கள் அடுத்த ஆண்டுக்கான ஆட்ட அட்டவணையை எவ்வாறு வகுப்பர்?

நிலத்தின் நிலைமையும் அத்தகையதே. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் கம்பனிகளிடமிருந்து அரசுக்கு மாறின. 1992இல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. உரிமையாளர் மாறினரேயன்றி, லயத்தவர்க்கு ஒரு மைதானமளவு நிலங்கூடப் பொதுவில் உரித்தாகவில்லை. கிராமத்து மைதானத்தைப் பிரதேச சபை அமைத்துப் பேணும். தோட்டத்துக்கோ, 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு சபையின் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. அச்சட்டம் திருத்தப்பட்டது 2018இல்தான். சபைக்கு வாக்களிப்பவர் தோட்டத்தவர்; சபையின் நிதியோ தோட்டத்து எல்லையில் நின்றுவிடும் என்ற நிலை 31 ஆண்டுகள் நீடித்தது.

அத்திருத்தத்தின் பின் சட்டம் தடையாக நிற்கவில்லை. இனி வேண்டியது நிதியும், அதை ஆளும் முறையும். வேல்ஸின் பென்னியை இங்கே ரூபாவாக வைத்து எண்ணிப் பார்க்கலாம். இலங்கையின் தேயிலை விளைச்சல் அண்மை ஆண்டுகளில் 25 கோடி கிலோகிராம் அளவில் உள்ளது. கிலோவுக்கு ஒரு ரூபா ஒதுக்கினால் ஆண்டுக்கு 25 கோடி ரூபா சேரும். கிலோ ஒன்று நூற்றுக்கணக்கான ரூபாவுக்கு விலைபோகும் ஏலத்தில் ஒரு ரூபா எவரையும் ஏழையாக்காது. ஆனால் அந்நிதியை ஆளும் மேசையில், துரையும் அதிகாரியும் மட்டுமன்றிக் கொழுந்து பறிக்கும் பெண்ணும் பால் வெட்டும் தொழிலாளியும் அமர வேண்டும். வேல்ஸ் வரலாற்றின் உயிர்நிலை அதுவே. இன்னொருவர் மனமுவந்து அளித்த மைதானத்தை அவரே நாளை மீளப்பெறலாம். தம் உழைப்பின் கணக்கில், தம் வாக்கினால் அமைந்த மைதானத்தை மீளப்பெறுவார் எவருமில்லை.

லீக்கின் சிறப்பு அது தோற்றவரையும் வெளியேற்றாமையில் உள்ளது. பத்து கோல்களால் தோற்ற அணிக்கும் அடுத்த வாரம் ஆட்டம் உண்டு. அட்டவணையில் அதன் பெயர் நிற்கும். கலவானைச் சரிவுகளில் பந்தை ஓடையிலிருந்து எடுத்துவந்து மீண்டும் ஆடும் இளைஞர்க்குத் திறமை குறைவில்லை. அவர்களுக்கு வேண்டியது சமதரையொன்றும், ஓய்வான ஒரு பிற்பகலும், பெயர் எழுதப்பட்ட ஓர் அட்டவணையுமே. ரிம்னிப் பள்ளத்தாக்கின் சுரங்கத் தொழிலாளரும் 1904இல் அவற்றைக் கொண்டே தொடங்கினர்.